மூன்று மூலை வெளிச்சமும் ஒரு பித்தளைக் கூடும்

எங்கள் விஞ்ஞான அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். அடுத்த கிழமையிலிருந்து பிரசவ லீவில் போகிறேன். அலுமாரித் திறப்புக் கொத்து, அமிலப் போத்தல்கள், ஒரு பக்கம் சாய்ந்த தராசு எல்லாவற்றையும் கையளித்துவிட்டேன். மேல்தட்டில் பழைய சீலையால் சுற்றிக் கிடக்கும் தொலைகாட்டியைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை. நேற்றே சொல்லியிருக்கலாம். தொடங்கும்போது மணி அடித்துவிட்டது. பிறகு, சொன்னால் பெருமையடிக்கிறாள் என்று நினைப்பீர்களோ என்று விட்டேன். வீட்டுக்குப் போனபின், சொல்லாமல் விட்டது பிழையோ என்று யோசித்து யோசித்துச் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். ஆகவே எழுதுவதுதான் எல்லோருக்கும் நல்லது.

என் மூத்தவளுக்கு ஒன்றரை வயதாக இருந்த காலம். எங்கள் பெண்கள் பாடசாலையில் படித்து, இங்கிலாந்தில் தாதியாக இருக்கும் ஒரு பிள்ளை, ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் கம்பளிக் காலுறைக்குள் சுற்றி ஒரு வில்லையை அனுப்பியிருந்தாள். உள்ளங்கையை நிறைக்கும் அளவு, நல்ல கனம். 'தொலைகாட்டி செய்து பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டிருந்தாள். அப்போது வெளிநாட்டுச் சாமான் எதுவும் இலேசில் வராத காலம். பால்மாவுக்கே வரிசை. இந்த வில்லை உடைந்தால் இன்னொன்று கிடைக்காது.

பாடசாலை அதிபரின் மேசையில் அதை வைத்து நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பெற்றார் ஆசிரியர் சங்கத் தலைவர் வந்தார். நல்ல மனிதர். எங்கள் கிணற்றுக்குக் கப்பி போட்டுத் தந்தவர். ஆனால் எதையும் ஒருமுறை கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"உது பெட்டையளுக்கு என்னத்துக்கு ரீச்சர்? பொடியளின்ரை பள்ளிக்கூடத்திலை வேர்க்ஸொப் இருக்கு. அங்கை குடுத்தால் ஏதாவது செய்வாங்கள். இங்கை அலுமாரிக்குள்ளை கிடந்து பூஞ்சணம் பிடிக்கப்போகுது."

எங்கள் அதிபர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தால் கோபம் என்று அர்த்தம்.

"இது எங்கடை பிள்ளை எங்கடை பிள்ளையளுக்கெண்டு அனுப்பினது."

"அப்ப செய்து காட்டுங்கோ. விஞ்ஞானக் கண்காட்சியண்டைக்கு ஒழுங்காய்த் தெரிஞ்சால் இங்கை இருக்கட்டும். தெரியாட்டில் அங்கை போகட்டும். நியாயந்தானே?"

நியாயம்தான். அதுதான் பிரச்சினை. அவர் போனபின் அதிபர் எங்களைப் பார்த்து, "ஆரால் ஏலும்?" என்று கேட்டார். எல்லோரும் முகட்டைப் பார்த்தார்கள். நான் "செய்யலாம்..." என்று தொடங்கினேன். 'ஆனால்' என்று ஒரு சொல் அடுத்து வர இருந்தது. அது வெளியே வருமுன் அதிபர் என் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டார்.

மற்ற எல்லாம் சுலபமாக அமைந்தன. குழாய்க்கு மழைப்பீலிக்குப் பூட்டும் தகரக் குழாய் ஒன்று. கண் வைக்கிற பக்கத்துக்கு, பழுதான நுணுக்குக்காட்டியிலிருந்து கழற்றிய கண்வில்லை. கஷ்டமானது வில்லைக் கூடு. பெரிய வில்லையைக் குழாயின் வாயில் நேராகப் பிடித்து வைத்திருக்கும் பித்தளை வளையம் அது. உள்ளே ஒரு சிறு விளிம்பு, அதன்மேல் வில்லை அமரும். பக்கவாட்டில் ஓடாமல் சுற்றிவர மூன்று திருகாணிகள். முன்னால் விழாமல் ஒரு மூடி. படம் கீற எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. அந்தப் படத்தை அழித்து அழித்துத் திரும்பக் கீறியதற்கு எத்தனை மாலைகள் போயின என்பதை விடுங்கள்.

பித்தளை கடைவதற்கு லேத் வேண்டும். பக்கத்தில் இருந்த நல்ல லேத், மயிலிட்டித் துறையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் இராசதுரை அண்ணையுடையது. பெரிய வயிறு, பெரிய குரல், தன் வேலையைப் பற்றித் தானே மெச்சிக்கொள்ள ஒரு நாளும் கூச்சப்படாத மனிதர். மகளை இடுப்பிலும், வில்லையைச் சேலைத் தலைப்பிலும், தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சட்டை, சின்னத் தலையணை, காய்ச்சல் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையிலுமாகக் கொண்டு நான் பஸ்ஸால் இறங்கியபோது அவர் கேட்டார்:

"என்ன ரீச்சர், இந்தியாவுக்கு வெளிக்கிட்டியளோ?"

படத்தைக் காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை, நேராகப் பிடித்து ஒருமுறை பார்த்தார்.

"உது சின்ன வேலை. எஞ்சின் தண்டு சுழலுற பழைய சாப்ட் புஸ் வளையம் ஒண்டு கிடக்கு, நல்ல பித்தளை. அதிலை கடைஞ்சு தாறன்."

கடைந்தும் தந்தார். வில்லையை வைத்தபோது அது விளிம்பில் அழகாக அமர்ந்தது. மூன்று திருகாணிகளையும் பூட்டினார்.

"இந்த இறுக்கம் காணுமோ?"

என் கண்ணுக்கு அந்த வில்லை குழாயிலிருந்து நழுவி, பாடசாலை முற்றத்துச் சீமெந்தில் விழுந்து, சிதறுவது தெரிந்தது. சிதறும் சத்தம்கூடக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கோ அண்ணை."

இறுக்கினார். "இப்ப?"

"இன்னும் ஒரு சொட்டு."

"ரீச்சர், நீங்கள் என்ரை ஆள்!" என்றார் அவர் மகிழ்ச்சியோடு. "இறுக்கத்திலைதான் வேலை இருக்கு. கடலுக்குப் போற எஞ்சினிலை ஒரு ஸ்குறூ இளகினால் வள்ளம் திரும்பி வராது." சொல்லிக்கொண்டே ஒரு உளியை எடுத்து, ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஒரு தட்டுத் தட்டி, பித்தளையோடு பித்தளையாகச் சப்பளித்துவிட்டார். வள்ளத்து எஞ்சினின் அதிர்ச்சிக்குத் திருகாணி கழராமல் இருக்கத் துறையில் எல்லோரும் செய்கிற வேலையாம்.

"இனி ஒரு புயலுக்கும் அசையாது," என்றார்.

எவ்வளவு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன் தெரியுமா?

மறுநாள் காலை, முதல் மணி அடிக்குமுன், அதிபரின் முன்னிலையில் தொலைகாட்டியை முற்றத்து மர வாங்கில் வைத்துப் புகையிலைத் தோட்டத்துக்கு அப்பால் தெரியும் கோயில் கோபுரத்துக்குத் திருப்பினோம். கலசத்தில் வெயில் பட்டுச் சின்னப் பொட்டாக மின்னும். தூரத்து நட்சத்திரத்துக்குப் பதிலாகப் பகலில் பரீட்சித்துப் பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. அதிபர் முதலில் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, கோபுரம் தலைகீழாய் நிக்குது!"

"அது அப்பிடித்தான் ரீச்சர். எல்லாத் தொலைகாட்டியும்..."

"தலைவருக்கு இதை முதலிலை சொல்லிப்போடு. மனுசன் கோயில் தர்மகர்த்தா."

பிறகு நான் பார்த்தேன். தலைகீழ்க் கோபுரம் எனக்குக் கவலை தரவில்லை. கலசத்துப் பொட்டு வட்டமாக இல்லை. மூன்று மூலைகளோடு, ஒரு சின்னச் சமோசாவைப்போல இருந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். மற்றக் கண்ணால் பார்த்தேன். கண்வில்லையைக் கழற்றித் திருப்பிப் போட்டும் பார்த்தேன். சமோசாதான். எதைப் பார்த்தாலும் ஓரங்கள் மூன்று பக்கம் இழுபட்டு மங்கின. இப்படி ஒரு தொலைகாட்டியில் சந்திரனைக் காட்டினால் அதற்கும் மூலை முளைத்துவிடும்.

இராசதுரை அண்ணைக்குச் சொல்லியனுப்பினேன். சைக்கிளில் வந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, உடனே தீர்ப்புச் சொன்னார்.

"கூட்டிலை பிழையில்லை. கண்ணாடி பிழை."

அதிபரும் மெல்லத் தலையாட்டினார். "பாவம் அந்தப் பிள்ளை. ஆரோ ஏமாத்தி வித்துப்போட்டாங்கள் போலை. நாளைக்குத் தலைவருக்குச் சொல்லிவிடுவம். கொண்டு போகட்டும்."

இந்த இடத்தில்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு வசதியானது என்று பாருங்கள். கண்ணாடி பிழை என்றால் என் படம் சரி. நான் பொறுப்பிலிருந்து விடுபடலாம், சாயந்தரம் பிள்ளையோடு இருக்கலாம். ஆனால் எந்தத் தீர்ப்பையும் ஒரு நாள் வைத்திருந்து சந்தேகப்படுவது என் வழக்கம். வீட்டில் எல்லோரும் சிரிக்கும் வழக்கம்தான். அன்றைக்கு அது உதவியது. "நாளைக்கு வேண்டாம் ரீச்சர், கிழமைக் கடைசியிலை சொல்லுவம்," என்றேன். ஏன் என்று கேட்டார். காரணம் எதுவும் என்னிடம் இல்லை. "சும்மா," என்றேன். அதிபருக்கு 'சும்மா' என்று பதில் சொன்ன முதல் ஆசிரியை நானாகத்தான் இருக்கவேண்டும்.

அன்று மத்தியானம் தொலைகாட்டியை உள்ளே எடுத்துவைக்க மறந்துபோனேன். மகளுக்கு வயிற்றோட்டம் என்று வீட்டிலிருந்து ஆள் வந்ததும் ஓடிவிட்டேன். இரண்டு கோப்பை இளநீரில் அவள் சரியாகிச் சிரித்தபின்தான், வில்லை முற்றத்து வாங்கில் வெயிலில் கிடக்கிறது என்று ஞாபகம் வந்தது. திரும்ப ஓடினேன். தொட்டால் கூடு சுட்டது. வில்லைக்கு என்ன ஆனதோ என்று பதைத்து, அப்படியே கோபுரத்தைப் பார்த்தேன்.

பொட்டு வட்டமாக இருந்தது.

நம்பமுடியாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் சரிந்து, வேப்பமர நிழல் வாங்கில் விழுந்து, பித்தளை ஆற ஆற, அந்த வட்டத்தில் ஒரு மூலை முளைத்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் பழைய சமோசா வந்து சேர்ந்தது.

இதற்கு நான் இராத்திரி புத்தகம் புரட்டிக் காரணம் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. அடுத்த நாள் ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குண்டும் வளையமும் பரிசோதனை. குண்டைச் சூடாக்கினால் வளையத்துக்குள் போகாது. வளையத்தையும் சூடாக்கினால் போகும். வருடா வருடம் செய்கிற பாடம், தூக்கத்திலும் சொல்வேன். "பிள்ளையள், உலோக வளையம் சூடேறினால் என்ன ஆகும்? உள்வட்டம் பெருக்கும். கண்ணாடியைவிடப் பித்தளை கூடப் பெருக்கும்..." என்று சொல்லி வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கையில் வளையம். பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒருத்தி, "ரீச்சர், சுட்டுப்போட்டுதோ?" என்று கேட்டாள்.

வில்லையில் பிழை இல்லை. நாங்கள் அதை மூன்று பக்கத்தாலும் கிள்ளிப் பிடித்திருந்தோம். கல்லுப்போலத் தோன்றும் கண்ணாடியும் கிள்ளினால் மயிரிழையிலும் சிறிய அளவு வளையும். வெளிச்சத்துக்கு அது போதும். வெயிலில் பித்தளை பெருத்துப் பிடி இளகியதும் அது மூச்சு விட்டிருக்கிறது.

சனிக்கிழமை மறுபடியும் மயிலிட்டி. மகள், பை, போத்தல், தலையணை எல்லாம் அப்படியே, இம்முறை வில்லை கூட்டோடு. இராசதுரை அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். அவர் நம்பவில்லை. ஆனால் பெரிய மனதோடு, "ரீச்சர் கேட்டால் கழட்டித் தாறன்," என்றார். கழற்ற முடிந்தால்தானே? முன்மூடியைக் கழற்றினார், வந்தது. திருகாணிகள் மூன்றும், அவர் சொன்னபடியே, ஒரு புயலுக்கும் அசையாமல் இருந்தன.

"பயப்பிடாதேங்கோ. றில்லாலை துளைச்சு எடுப்பம். இல்லாட்டில் பின்னாலை ஒரு கட்டை வைச்சு மெல்ல ஒரு தட்டு. எத்தினை புஸ் தட்டி எடுத்திருக்கிறன்!"

சொல்லிக்கொண்டே சுத்தியலை எடுத்துவிட்டார். வில்லைக்கும் திருகாணிக்கும் நடுவே ஒரு கடதாசி அளவு இடம் இல்லை. துளைத்தால் சிதறும் பித்தளைத் தூள் வில்லையைக் கீறும். தட்டினால், கிள்ளுப்பட்ட மூன்று இடத்திலும் விளிம்பு தெறிக்கும். 'வேண்டாம் அண்ணை' என்று சொன்னால் அவர் நிற்கமாட்டார். என் குரலுக்கு எந்தக் காலத்திலும் யாரும் நின்றதில்லை.

மகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

"ஒருக்காப் பிடியுங்கோ அண்ணை."

பிள்ளையை நீட்டினால் எந்த மனிதரும் வாங்கிக்கொள்வார். சுத்தியல் கீழே விழுந்தது. எண்ணெய் விரல்கள் படாமல் முழங்கைகளால் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சட்டை ஊத்தையாகும்!" என்று கத்தினார். சட்டை ஊத்தைப்படுவதைப்பற்றிக் கவலைப்படாமல் நான் நின்ற ஒரே நாள் அதுதான். மகள் அவருடைய மீசையை ஆராயத் தொடங்கினாள்.

மூலை அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய துவாய்த் துண்டை அந்த வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, வில்லையில் படாமல், வளையத்தைச் சுற்றி மட்டும் கட்டினேன். மகளின் தலையணைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் கூட்டைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"ரீச்சர், நான் சொன்னனான்..."

"பொறுங்கோ."

"பிள்ளை மீசையை இழுக்கிறாள்."

"இழுக்கட்டும்."

துண்டு ஆறிவிட்டது. திரும்ப நனைத்துக் கட்டினேன். நான் கணக்குப் பிழைத்திருந்தால்? பித்தளையிலிருந்து சூடு வில்லைக்கு ஏறி அதுவும் பெருத்துவிட்டால்? ஊரிலேயே ஒரே வில்லை, என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானத்தில் கிடைக்கப்போகும் ஒரே கதவு, அது இப்போது ஒரு மீன்துறைப் பட்டறையில் தேத்தண்ணி வெந்நீரை நம்பி நிற்கிறது. இவ்வளவும் நினைத்து முடிக்குமுன், 'புசுக்' என்று மெல்லிய சத்தத்தோடு வில்லை தலையணையில் விழுந்தது.

இராசதுரை அண்ணை தலையணையைக் குனிந்து பார்த்தார். பிறகு மகளிடம் சொன்னார்: "கொம்மா பொல்லாத ஆள்."

வெறும் கூட்டில் அவர் பழைய திருகாணிகளைத் துளைத்தெடுத்துப் புதிது போட்டார். வில்லைக்கும் ஒவ்வொரு திருகாணிக்கும் நடுவே ஒரு கடதாசித் துண்டை வைத்து, தொடும் அளவுக்கு மட்டும் முடுக்கி, கடதாசியை உருவிவிட்டோம். மூடியையும் அப்படியே பூட்டினோம். அவர் கூட்டைக் காதருகே பிடித்து ஆட்டினார். உள்ளே 'கிலுக்' என்றது. முகம் கறுத்துவிட்டது.

"ரீச்சர், என்ரை பட்டறையிலையிருந்து கிலுங்கிற சாமான் ஒண்டும் இதுவரைக்கும் வெளியிலை போகேல்லை. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், ஆர் செய்தது எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

கண்காட்சி நாள் பின்னேரம், கோபுரத்துக்கு மேலே பகலிலேயே அரைச் சந்திரன் நின்றது. வரிசை வாசல்வரை போயிற்று. தலைவர் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தன் மகளோடு வந்தார். நான் பயந்தபடியே, வில்லைப் பக்கத்தைக் கையால் பிடித்து ஒருமுறை ஆட்டினார். கிலுக்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ரீச்சர், உள்ளுக்கை ஏதோ கழண்டு போச்சு."

"கழரேல்லை ஐயா. வில்லைக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கு."

"இடமோ? கிலுங்குதே! உதை இறுக்காமல் விட்டால் விழுந்து உடையும். ஆர் உதைச் செய்தது?"

வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெரிய குரல் வந்தது. வெள்ளை வேட்டியில் இராசதுரை அண்ணை.

"நான்தான் செய்தனான்! கிலுங்க வேணுமெண்டுதான் கடைஞ்சது. இறுக்கினால் வெளிச்சம் மூண்டு மூலையாய்ப் போகும். உதுகூடத் தெரியாதோ?"

தலைவருக்கு அது பிடிக்கவில்லை. மின்சுற்றுக் காட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் மேசையிலிருந்து ஒரு ஸ்குறூ றைவரை எடுத்து, முதலாவது திருகாணியில் நுனியை வைத்துவிட்டார். அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பறித்தால் சண்டை. விட்டால் எல்லாம் போயிற்று. அவர் கையில் கொடுக்க இந்த முறை பிள்ளையும் இல்லை, மகளை வீட்டில் விட்டிருந்தேன்.

"இறுக்குங்கோ ஐயா," என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை என்னாலேயே நம்பமுடியவில்லை. "ஆனால் முதலிலை ஒருக்காப் பாத்திட்டு இறுக்குங்கோ. பிறகு திரும்பப் பாத்தால்தானே எது நல்லதெண்டு தெரியும்."

நியாயம் என்றால் அவரால் மறுக்கமுடியாது. குனிந்து கண்ணை வைத்தார்.

வைத்தவர் எடுக்கவில்லை. ஸ்குறூ றைவர் பிடித்த கை மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. "கிடங்கு கிடங்காய்..." என்றார். பிறகு, "இஞ்சை ஒரு மலை... அதின்ரை நிழலும் தெரியுது." பின்னால் நெருக்கியவர்களை அந்த ஸ்குறூ றைவராலேயே தள்ளி நில் என்று சைகை காட்டினார்.

அவருடைய மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, பின்னாலை ஆக்கள் நிக்கினம். நானும் நிக்கிறன்."

"பொறு பிள்ளை. சந்திரன் ஓடுது, பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

நிமிர்ந்தபோது திருகாணியின் கதையே எடுக்கவில்லை. அதிபரிடம் சொன்னார்: "சரி ரீச்சர், உது இங்கையே இருக்கட்டும். பொடியளும் இங்கை வந்து பாக்கட்டும்."

அதிபர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வரட்டும். வரிசையிலை நிக்கட்டும்."

அன்று முதல் அது இங்கேயே இருக்கிறது. இனி உங்கள் கையில். சீலையைப் பிரித்து எடுக்கும்போது அது கிலுங்கும். பயமாக இருக்கும். எனக்கு இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் பயம்தான். உங்கள் கை தானாக ஸ்குறூ றைவரைத் தேடும். அதனால் அந்த ஸ்குறூ றைவரை என்னோடு வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம் என்று நேற்று பைக்குள் போட்டேன். பஸ் தரிப்பிடம்வரை போனபின் திரும்பி வந்தேன். மேசையின் இரண்டாவது லாச்சியில் வைத்திருக்கிறேன்.